ரமோனுக்கு அடித்த பந்து

"பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமாம். தப்பா?" என்று கேலப்பிடம் கேட்டான் ஆம்ப்ரோஸ்.

அந்த நாளில் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகில் கறுப்பருக்கு இடமில்லை. அப்படிச் சட்டம் எதுவும் எழுதவில்லை. எழுதிவைக்கும் தைரியம்கூட லீகை நடத்திய கனவான்களுக்கு இல்லை. கியூபாக்காரன் என்றால் மட்டும், நிறம் அதிகம் கறுக்காதவரை, கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஆம்ப்ரோஸ் கொஞ்சம் மாநிறம். பெரிய லீக் அணி ஒன்றின் முகவர் பார்த்துவிட்டு, கியூபாக்காரன் என்று சொல், பெயர் ரமோன், வாயைத் திறக்காதே, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். சாயங்காலம் கையெழுத்து.

"எனக்கு முப்பத்து மூன்று. கால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அவ்வளவுதான்."

ஆம்ப்ரோஸ் ஆடிய கறுப்பர் அணியில், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் கேலப். ஆம்ப்ரோஸைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அணியில் எல்லோருக்கும் அவர்தான் குரு.

மட்டையை எடுத்தார். ஆம்ப்ரோஸை மைதானத்தின் கோடிக்குப் போகச் சொன்னார். இரண்டு பக்கமும் இரண்டு பேரை நிறுத்தினார்.

பந்து உயரே போனால் கேட்சர் ஒரு பெயரைக் கூவுவார். அந்தப் பெயர்க்காரன் பிடிக்க ஓட வேண்டும், மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டை உடையும்.

கேலப் ஓங்கி அடித்தார். "ரமோன்!"

ஒருவரும் அசையவில்லை. பந்து புல்லில் விழுந்தது.

"ரமோன்!"

மறுபடியும் புல்.

"யாருப்பா அந்த ரமோன்? செவிடா?" என்றான் இடப்பக்கம் நின்றவன்.

மூன்றாவது பந்துக்கு ஆம்ப்ரோஸ் ஓடினான். இரண்டடி தாமதம்.

"பழகினால் வந்துவிடும்," என்று கோபமாகக் கத்தினான்.

"வரும்," என்றார் கேலப்.

நான்காவது பந்து அவன் தலைக்கு மேலே, வேலியை நோக்கிப் பறந்தது.

"ஆம்ப்ரோஸ்!"

பெயர் முடிவதற்குள் அவன் முதுகைத் திருப்பி ஓடிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலியோரம் கையை நீட்டினான். பந்து வந்து உட்கார்ந்தது.

கேலப் மட்டையைக் கீழே போட்டார்.

"இதைப் பிடித்தது யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஆம்ப்ரோஸ் வெகுநேரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் முகவர் வந்தார். பேனாவைத் திறந்தார். "பெயரை ஒருதரம் சொல், பார்க்கலாம்."

"ஆம்ப்ரோஸ் டில்லார்ட்."

முகவர் பேனாவை மூடினார். "அந்தப் பெயருக்கு எங்களிடம் இடமில்லை."

"இருந்தாலும் எழுதி வையுங்கள்," என்றான் ஆம்ப்ரோஸ். "ஒருநாள் தேவைப்படும்."