தலையாட்டலுக்கு ஒரு கூழாங்கல்

காட்டின் ராஜாவான கரடிக்குக் கவலை தாங்கவில்லை. குளத்துத் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. கோடை முடிய இன்னும் வெகுநாள் இருந்தது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் முதலில் சாகப்போவது மான்குட்டிகள்தான்.

வேறு தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று யோசித்துச் சொல்லத்தான் ஆமையையும் ஓணானையும் அது நியமித்திருந்தது. நன்றாக யோசிப்பவருக்குத் தேனடை உண்டு. ஆனால் ஆமையோ தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கல்லு மாதிரிக் கிடந்தது.

"இந்த ஆமையக்கா யோசிக்குதா, தூங்குதா? எனக்கு எப்படித் தெரியும்?" என்று கரடி புலம்பியது.

"இது ஒரு பெரிய விஷயமா, ராஜா!" என்றது நரி மந்திரி. "யோசனை கண்ணுக்குத் தெரியாது. தலையாட்டுறது தெரியுமே! யோசிக்கிறவங்க தலையாட்டுவாங்க. ஒரு ஆட்டலுக்கு ஒரு கூழாங்கல் போடுவோம். யார் குவியல் பெருசோ, அவங்கதான் அதிகம் யோசிச்சவங்க!"

கரடி தேனை நினைத்துப் பார்த்தது. தலை தானாக ஆடியது. "அட, ஆமாம்!" என்று பூரித்துப்போனது.

மறுநாளே ஓணானின் பாறையடியில் கற்கள் குவிந்தன. பிறந்ததிலிருந்து அதற்கு வேறென்ன வேலை! ஆமைக்கு ஒரு கல்கூட இல்லை. தேனடை முழுவதும் ஓணானுக்கே போனது.

"கொஞ்சமாவது வேலை செய்யக் கூடாதா, அக்கா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கரடி கேட்டுவிட்டது.

ஆமைக்கு ரோஷம் வந்தது. அன்று முதல் அதுவும் கழுத்தை வெளியே நீட்டி ஆட்டத் தொடங்கியது. கழுத்து வலித்தது, கல் சேர்ந்தது. கரடி நிம்மதியாகத் தூங்கியது.

ஒரு காலையில் குளம் வெறும் சேறாகக் கிடந்தது. கரடி பாறைக்கு ஓடியது.

"ஓணானே, தண்ணி கிழக்கேயா இருக்கு?"

ஓணான் தலையாட்டியது.

"மேற்கேயா?"

அதற்கும் ஆட்டியது.

"எங்கேயுமே இல்லையா?"

அதற்கும் ஆட்டியது!

கரடி ஆமையிடம் ஓடியது. "நீங்களாவது சொல்லுங்க, அக்கா!"

"என்னத்தைச் சொல்ல, ராஜா?" என்றது ஆமை. "ஓட்டுக்குள்ள இருந்தப்போ ஏதோ பிடிபடுற மாதிரி இருந்துச்சு. நீங்க கல்லு கேட்டீங்க, கல்லு சேர்த்தேன். யோசனை நழுவிப்போச்சு."

ஒரு மான்குட்டி எழ முடியாமல் அருகில் படுத்திருந்தது. கரடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. குவியல்களைக் காலால் எத்திக் கலைத்தது. "தலையை உள்ளே இழுத்துக்கோங்க, அக்கா. நான் காத்திருக்கேன்."

காத்திருப்பது சுலபமாக இல்லை. ஓட்டைத் தட்டிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. கடைசியில் கரடி தன் கைமேலேயே உட்கார்ந்துகொண்டது.

வெயில் சாய்ந்தபோது ஆமை தலையை நீட்டியது. "காஞ்ச ஓடையில அந்த ஒரு நாவல் மரம் மட்டும் துளிர்த்திருக்கே, எப்படி? அதோட வேருக்கு எங்கேயோ தண்ணி கிடைக்குது. அங்கே தோண்டுங்க!"

காட்டுப்பன்றிகள் ஓடிப்போய்த் தோண்டின. ஈரமண் வந்தது. பிறகு ஊற்று வந்தது! தாய்மான் தள்ளித் தள்ளிக் கூட்டிவந்த குட்டி அதில் வாயை வைத்து உறிஞ்சியது. பார்த்துக்கொண்டிருந்த கரடிக்குக் கண் கலங்கியது.

"ராஜா, இதுக்கு ஆமையக்காவுக்கு எத்தனை கல்லு?" என்று நரி மெல்லக் கேட்டது.

"பேசாம தண்ணியைக் குடி!" என்றது கரடி.

பாறைமேல் இருந்த ஓணான் அதற்கும் தலையாட்டியது.

யோசிப்பவரின் தலையாட்டலை எண்ணிக் கூலி கொடுத்தால், பெருகுவது தலையாட்டல்தான், யோசனை அல்ல.