செம்பி கடிக்காமல் விட்ட செடி

அந்தக் காலத்தில், மிருகங்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டும் வம்பு பேசிக்கொண்டும் திரிந்தபோது, ஆடு இப்போது மேய்கிற மாதிரி மேயாது. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்ற பேச்சே கிடையாது. ஒரு செடியின் முன்னால் நின்றதென்றால் அது மொட்டையாகும்வரை நகராது. பிறகு அடுத்த செடி. அதுவும் மொட்டை. வாய்க்குள் போவது என்ன இலை என்று ஒரு ஆடும் பார்த்ததில்லை. வயிறு நிறைந்ததா, வேலை முடிந்தது.

அதிலும் பேர்போனவள் செம்பி. கரடு என்கிற பாறைக் குன்றின் அடியில் இருந்த காட்டில் அவள் போன வழியைக் கண்டுபிடிக்க மோப்பமெல்லாம் வேண்டாம். குச்சி குச்சியாக நிற்கும் செடிகளைப் பார்த்தாலே போதும். “இவளுக்கு வயிறா, கிணறா?” என்று குரங்கு கிண்டல் செய்யும். “உனக்கென்ன வயித்தெரிச்சல்?” என்று மென்றுகொண்டே கேட்பாள் செம்பி.

செம்பிக்கு ஒரே குட்டி, சிட்டு. அதற்கு முன்னால் ஈன்றதையெல்லாம் நரி கொண்டுபோய்விட்டது. அதனால் சிட்டு என்றால் அவளுக்கு உயிர். நிழலில் படுத்தாலும் பிள்ளை மேல் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

ஒரு மார்கழியில் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. காடு முழுக்க இருமல் பிடித்துக்கொண்டது. முயல் இருமியது, மிளா மான் இருமியது, முள்ளம்பன்றி இருமும்போதெல்லாம் அதன் முள் கலகலவென்று ஆடியது. குரங்கு கிளையைப் பிடித்துக்கொண்டு இருமியது. பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். சிட்டு பச்சைப் பிள்ளை, என்ன செய்யும்? மடியில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடிக்கும், உடனே இருமல் வந்து பாலைக் கக்கிவிடும். விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. செம்பி கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் வழி கேட்டாள்.

“அக்கா, பால் குடிக்கிற பிள்ளைக்கு மருந்து தாய் வாய் வழியாத்தான் போகணும்” என்றது முயல். “நீ தழையைத் தின்னு. அதோட சாரம் பாலில் இறங்கும்.”

“எந்தத் தழையை?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இருமிக்கிட்டு நிக்கிறேன்?”

தின்பதுதானே, செம்பிக்குச் சொல்லவா வேண்டும்! கரட்டுச் சரிவில் ஏறினாள். ஆவாரை, கொழுஞ்சி, இலந்தை, பேர் தெரியாத ஒரு நீள இலைச் செடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கலந்துகட்டித் தின்று தீர்த்தாள். சரிவே மொட்டையானது. மடி கனத்து வந்து சிட்டுக்குப் பால் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என்ன ஆச்சரியம், பிள்ளையின் மூச்சு இளகியது. இருமல் அடங்கித் தூங்கியே போய்விட்டது. செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளினாள், கத்தினாள், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் காட்டில் இருமிய அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.

“எந்த இலை அக்கா?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“எல்லா இலையும்தான்.”

“சரி, எதைத் தின்னப்புறம் பால் கொடுத்தே? கசந்ததா, துவர்த்ததா? ஏதாவது சொல்லு.”

செம்பி யோசித்தாள். எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாயில் போட்டதை ருசி பார்த்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்கும்! அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ‘லொக்’ என்று ஒரு சத்தம். சிட்டுதான். நேற்றுப் பாலின் பலன் நேற்றோடு போய்விட்டது. இருமல் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

செம்பி சரிவுக்கு ஓடினாள். அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? எல்லாம் குச்சி. பாறை இடுக்கில் வாய் எட்டாத இடத்தில் மட்டும் ஒவ்வொரு செடியிலும் கொஞ்சம் இலை தப்பியிருந்தது. நேற்று மாதிரி எல்லாவற்றையும் வயிறு முட்டத் தின்ன வழியில்லை. எது மருந்து என்று தெரிந்தால் அதை மட்டும் எடுக்கலாம். ஒவ்வொன்றாகத் தின்று, பால் ஊறி, பிள்ளை குடித்துப் பார்க்கிறதென்றால் அதுவரை சிட்டு தாங்காது.

“பாவி வயிறே, நீதான் என் பிள்ளைக்கு எமனா வந்தே!” என்று வாய்விட்டு அழுதாள்.

அழுதுகொண்டே திரும்பியவள் வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். சட்டென்று அழுகை நின்றது.

“இருமுற வாய் இத்தனை இருக்கே! ஆளுக்கு ஒரு தழை தர்றேன். தின்னுட்டு அப்படியே உட்காரணும். வேற எதையும் வாயில வைக்கக்கூடாது. உச்சிப் பொழுதுக்குள்ள யாருக்கு இருமல் நிக்குதோ, அவங்க தின்ன தழைதான் மருந்து. சரிதானே?”

எல்லாரும் தலையாட்டினார்கள். குரங்கை மேலே ஏறவிட்டு, இடுக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கச் சொன்னாள். முயலுக்கு ஆவாரை. மிளாவுக்குக் கொழுஞ்சி. முள்ளம்பன்றிக்கு இலந்தை. குரங்குக்கு அந்தப் பேர் தெரியாத நீள இலை. செம்பி சிட்டை அணைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. முயல் இருமியது. மிளா இருமியது. குரங்கு இருமித் தள்ளியது. முள்ளம்பன்றி மட்டும் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்து, “அக்கா! எனக்கு நின்னுபோச்சு!” என்று கூவியது.

“இலந்தை! இலந்தைதான்!” செம்பி பாய்ந்து போய், குரங்கு பறித்துப் போட்டதில் மிச்சமிருந்த இலந்தையைத் தின்றாள். பிள்ளைக்கு ஊட்டினாள். பார்த்தாள், காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. சிட்டின் வாயோரம் நீலம் பாய்ந்தது. இப்போது அதற்கு இருமக்கூடத் தெம்பில்லை.

செம்பி முள்ளம்பன்றியிடம் வந்தாள். அதன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். முள் குத்தியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

“இது இலந்தை தின்ன வாயில்லையே. உண்மையைச் சொல்லு, என்னத்தைத் தின்னே?”

முள்ளம்பன்றி நெளிந்தது. “இலந்தைதான் கொடுத்தே அக்கா. ஆனா... குரங்கு மாத்திக்கலாமான்னு கேட்டுச்சு. நான் எது கிடைச்சாலும் திங்கிற ஆளு. நீ திட்டுவேன்னு பயந்து சொல்லலை.”

எல்லாரும் குரங்கைப் பார்த்தார்கள்.

“கசந்துச்சு ஆத்தா!” என்று அலறியது குரங்கு. “நுனி நாக்கில வச்சதுக்கே குடல் வெளிய வந்துரும்போல இருந்துச்சு. ஒரு தழைக்கு ஒரு தழை, யாருக்கு என்ன நட்டம்னு நினைச்சேன். சத்தியமா இப்படி ஆகும்னு தெரியாது!”

“நாசமாப் போறவனே, உன்னை அப்புறம் வச்சுக்கிறேன். இப்ப ஏறு மேலே!”

குரங்கு இருமிக்கொண்டே பாறையில் ஏறி, நீள இலையில் ஒரு கொத்துப் பறித்துப் போட்டது. செம்பி வாழ்நாளில் முதல்முறையாக ஓர் இலையை மென்று ருசி பார்த்தாள். அப்பப்பா, அப்படி ஒரு கசப்பு! கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினாள். பால் ஊறக் காத்திருந்தாள். பிள்ளையின் வாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சி இறக்கினாள்.

முள்ளம்பன்றி தன் முள் ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் நேரத்தில் சிட்டு ஒருமுறை கரகரவென்று இருமி, கெட்டிச் சளியைத் துப்பியது. மூச்சு நீளமாக வந்தது. பிறகு தலையைத் தூக்கி, மடியை முட்டி, இடைவிடாமல் உறிஞ்சிக் குடித்தது. செம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. மிளா, முயல், முள்ளம்பன்றி எல்லாம் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன. குரங்குக்கு விழவேண்டிய முட்டுகூட மறந்துபோய்விட்டது. முயலுக்கும் மிளாவுக்கும் குரங்குக்கும் ஓரோர் இலை. எல்லாருக்கும் மார்பு இளகியது.

பாறை இடுக்கில் அந்த நீள இலைச் செடியில் இப்போது மிஞ்சியிருந்தது ஒரு சின்னத் தளிர். பின்னங்காலில் எழும்பிப் பாறையில் தொற்றினால் எட்டிவிடும். பழக்க தோஷம், செம்பியின் வாய் தானாக அதை நோக்கித் திறந்தது. அடுத்த நொடி அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று இந்தச் சரிவு முழுக்க நின்ற மருந்தை என்ன ஏது என்று பார்க்காமல் தின்று தீர்த்த வாய் அல்லவா இது!

வாயை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தச் செடியை இனி நானும் தொட மாட்டேன், என் பிள்ளை குட்டியும் தொடாது. எங்க வாய் பட்டா மிஞ்சாது. எங்களுக்கு நோவு வந்தா நீங்க யாராவது பறிச்சுக் கொடுங்க. மத்த செடியிலயும் ஒரு கடி, அதோட ருசி, அதுக்குமேல நிக்க மாட்டோம்.”

“நீயா, ஒரு கடியோட நிறுத்துவியா?” என்று குரங்குக்கு உடனே நக்கல் வந்தது.

“நிறுத்துவேன்” என்றாள் செம்பி. சிட்டு பால் குடித்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் ஆடு எந்தச் செடியிலும் நிலைத்து நிற்காமல், இங்கே ஒரு கடி அங்கே ஒரு கடி என்று நுனி மேய்ந்துகொண்டே போகிறது. ஆடு தொடாத அந்த நீள இலைச் செடியைத்தான் நாம் ஆடாதோடை என்கிறோம். எவ்வளவு பசித்தாலும் ஆடு அதைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அதனால்தான் பனிக்காலத்தில் நம் வீட்டுப் பிள்ளை இருமும்போது பறிப்பதற்கு வேலியில் இலை இருக்கிறது.