கொம்பில் தொங்கிய முடிச்சுக் கயிறு

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் ஒரே பேச்சு இருந்தது. அன்று நாவல் மரத்தடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடம் சொல்லும் ஆமை வாத்தியார் ஒருவர். சடையன் என்ற தூக்கணாங்குருவி ஒருவன். மூக்காயி என்ற மூஞ்சூறு ஒருத்தி. அவளுடைய பிள்ளைகள் ஒன்பது பேர். ஆகப் பன்னிரண்டு பேர்.

ஒன்பது பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே கண் தெரியாது. மரத்தடிக்கும் அவர்களுடைய வளைக்கும் நடுவே சுவரில்லாத கிணறு ஒன்று இருந்தது. அதற்காகச் சடையன் பனை நாரில் ஒரு கயிறு பின்னி, அங்கங்கே முடிச்சிட்டு, வழி நெடுகப் போட்டிருந்தான். பிள்ளைகள் அதன்மேல் கால் வைத்து நடப்பார்கள். ஒரு முடிச்சு தட்டினால் நேரே போக வேண்டும். இரண்டு தட்டினால் வேரைச் சுற்ற வேண்டும். மூன்று தட்டினால் நின்று வலப்பக்கம் திரும்ப வேண்டும், எதிரே கிணறு. இரண்டு மாதமாக ஒருவரும் தவறவில்லை.

மறுநாள் யானை ராஜா பாடம் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கயிறோ பிள்ளைகளின் காலும் மூக்கும் பட்டுக் கறுத்திருந்தது. வாத்தியார் அதைச் சுருட்டிக் குளத்தில் அலசினார். மறுபடி அழுக்காகக் கூடாதென்று, உயரக் கொம்பில் கட்டச் சொல்லிச் சடையனிடம் கொடுத்தார்.

பிள்ளைகள் இன்று எப்படி வீடு வந்து சேரும் என்று மூக்காயி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒன்பது பேரும் முடிச்சுப் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டார்கள், அம்மா. இனி எதற்குக் கயிறு?" என்றார் வாத்தியார்.

"நீங்கள் வீட்டை முதுகிலேயே தூக்கிக்கொண்டு திரிகிறவர், வாத்தியாரே. வழி தவறுவது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் சடையன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. ஒரு நாள்தானே என்றார். சடையனும் கட்டிவிட்டான். மூக்காயி வாத்தியார் சொல்லை நம்பி முன்னதாகவே வளைக்குப் போனாள்.

பொழுது சாயப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டார்கள். "மூன்று தட்டினால் நில்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். காலில் எதுவும் தட்டவில்லை. தட்டாததால் மூத்தவன் நிற்கவில்லை.

வளை வாசலில் மூக்காயி குரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது எட்டாயிற்று. எட்டு ஏழாயிற்று. ஓடினாள். அவள் கிணற்றை எட்டியபோது நான்கு குரல்களே இருந்தன. முன்னால் நின்ற மகள் பேச்சியின் முன்கால்கள் இரண்டும் வெறும் வெளியில் தொங்கின. மூக்காயி அவள் வாலைக் கவ்வி இழுத்தாள். பிறகு தன் வாலை அவள் வாயில் வைத்தாள்.

"இனி இதுதான் கயிறு. வீடு வரும்வரை பல்லை எடுக்காதே."

மற்ற மூவரும் அப்படியே ஒருவர் வாலை ஒருவர் கவ்விக்கொண்டார்கள்.

வாத்தியார் கிணற்றில் இறங்கித் தேடினார். யாரும் உயிரோடு கிடைக்கவில்லை. அவரும் மேலேறி வரவில்லை. மறுநாள் யானை ராஜா வந்து, கொம்பில் தொங்கிய கயிற்றில் துளி அழுக்கில்லை என்று மெச்சிவிட்டுப் போனார்.

அன்று முதல்தான் மூஞ்சூறுக் குட்டிகள் தாயின் வாலை ஒன்றும், அதன் வாலை அடுத்ததுமாகக் கவ்விக்கொண்டு வரிசையாகப் போகின்றன. முதன்முதல் அப்படி வீடு சேர்ந்த பிள்ளைகள் நான்கு.