கொடி ரோஜாவுக்கு எஸ்தாக்கி போட்ட முடிச்சு

கோத்தகிரியில் மதர் லூர்தினா நடத்திய தவ இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சீடராக வருகிற ஆளிடம் முதல் நாளே ஒரு செடியைக் கொடுத்துவிடுவார்கள். செடி பிழைத்தால் ஆளும் இருக்கலாம். பட்டுப்போனால் ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

மணப்பாட்டிலிருந்து வந்த எஸ்தாக்கிக்குக் கிடைத்தது கொடி ரோஜா. அவருக்கு வயது அறுபத்தொன்று, மதருக்கு முப்பத்தாறு. ஆனாலும் கும்பிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஊர் என்றால் கடல். ஒரு கச்சான் காற்றில், பாய்க்கயிற்றில் அவர் போட்ட முடிச்சு நழுவி வள்ளம் கவிழ்ந்தது. கடைசி மகன் ததேயு கரைக்கு வரவில்லை. அந்த அலைச் சத்தத்தை இனி ஒரு நாள்கூட அவரால் கேட்க முடியாது.

மலைச்சரிவில் கொளுத்தும் வெயில் இல்லை, கருக்கும் பனியும் இல்லை. ரோஜா மளமளவென்று வளர்ந்தது. மூன்று தண்டுகள் ஆளுயரம் தாண்டி, சிற்றாலயச் சுவரில் அடித்திருந்த கம்பிகளைத் தொட்டன.

எஸ்தாக்கிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"தாயே, பாகலுக்குச் சுருள் சுருளாப் பற்றுக்கை இருக்கு. அவரை தன் தண்டாலயே சுத்திக்கிடும். இதுக்கு ஒண்ணுமே இல்லையே. எதை நம்பி இப்படி ஏறுது?"

"உங்களைத்தான்" என்றார் மதர்.

அன்றைக்கே எஸ்தாக்கி வலைக்கயிறு எடுத்து மூன்று தண்டையும் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். காற்று இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. இந்தத் தடவை நழுவாது.

நழுவவில்லை. மூன்றாம் வருஷம் தண்டு ஒன்று காய்ந்தது. அடுத்த மாதமே இன்னொன்று. மிச்சமிருந்த ஒன்றில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

எஸ்தாக்கி வேப்பெண்ணெய் தெளித்தார். ஆட்டுப்புழுக்கை போட்டார். வேரைத் தோண்டிப் பார்த்து மறுபடி மூடினார். சமையல்காரி பவுலின் ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பெரியவரே, பெட்டியைக் கட்டியாச்சா? ஊருக்குப் போனா எனக்கு ரெண்டு கிலோ நெத்திலிக் கருவாடு அனுப்புங்க!"

"உன் நாக்கை அறுத்துக் காயப்போட்டாலே ஆறு மாசத்துக்குக் காணும், போ!"

சிரிக்கத்தான் நினைத்தார். வாய் கோணிக்கொண்டது. நேரே மதரிடம் போய் நின்றார்.

"பூச்சியா தாயே?"

"இல்லை."

"வேரா?"

"இல்லை."

"பின்னே என்னதான் அதுக்கு?"

மதர் எழுந்து சுவரோரம் வந்தார். செடியைத் தொடவில்லை. தன் இடது கையைக் கம்பிமேல் வைத்தார்.

"கட்டுங்க."

"என்னத்தை?"

"என் கையை. நழுவாமக் கட்டணும்."

எஸ்தாக்கி தயங்கினார். பிறகு மடியிலிருந்த கயிற்றை எடுத்துக் கட்டினார். முடிச்சை இழுக்கும்போது தன் சுண்டுவிரலை மணிக்கட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே கொடுத்துக்கொண்டார்.

"விரலை ஏன் விட்டீங்க?"

"ரத்தம் ஓட வேண்டாமா தாயே?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பி, சுவரோரத்து இலைகளை விலக்கினார். காய்ந்த இரண்டு தண்டிலும் கயிற்றையே காணோம். மேலும் கீழும் பட்டை புடைத்து அதை விழுங்கியிருந்தது. மூன்றாவதில் பாதிக் கயிறு இன்னும் வெளியே தெரிந்தது. பட்டையை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை.

பேனாக்கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்தார். கடைசி இழை விட்டதும் தண்டு சுவரைவிட்டுச் சாய்ந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் பிடித்தார். முள் உள்ளங்கையில் இறங்கியது.

"விட்டுடவா தாயே?"

"விட்டா விழுந்துடும். மறுபடி கட்டுங்க."

"இந்தக் கையாலயா?"

"வேற யார் கை இருக்கு?"

பவுலின் பழைய சேலைக் கிழிசலோடு ஓடிவந்தாள். "முதல்ல நம்ம அம்மாவை அவிழ்த்துவிடுங்க பெரியவரே! பிஷப் வந்து பார்த்தா என்ன நினைப்பார்?"

மதர் அசையவில்லை. "முதல்ல அதைக் கட்டட்டும்."

தோளால் தண்டைத் தாங்கிக்கொண்டு எஸ்தாக்கி கிழிசலைச் சுற்றினார். சுண்டுவிரலை நடுவே கொடுத்தார். முடிச்சை இறுக்கப் போனவர் நிறுத்தினார்.

"ஒரு விரல் இடம் போதுமா?"

"எனக்குப் போதும். என் கை இனிமே பருக்காது."

"அப்ப இதுக்கு எவ்வளவு விடணும்?"

"அடுத்த வருஷம் இது எவ்வளவு பருக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும் தாயே?"

"அவ்வளவு விடுங்க" என்றார் மதர்.