யார் வீட்டுச் சாம்பல்?

அனல்மின் நிலையத்துப் பெரிய அதிகாரிக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமில்லை. அந்த நிலையத்துச் சாம்பலில் கட்டடக் கல் போடும் பட்டறையில் வேலை செய்த சொர்ணக்கிளி ஒருநாள் மனுவோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க சாம்பல் எங்க தெரு பூரா கொட்டுதுய்யா. எங்க வீட்டுக்காரர் இருமி இருமியே படுத்த படுக்கையாயிட்டார்."

"எங்க சாம்பல் மதிலைத் தாண்டாது. அது எங்களோடதுன்னு நிரூபி பார்ப்போம்" என்று சொல்லி, அந்த மனுவாலேயே விசிறிக்கொண்டார் மனுஷன்.

இரண்டு மாதம் கழித்து, மண்ணைத் தோண்டாமல், வீணாகும் சாம்பலிலேயே கல் செய்கிறோம் என்று பெருமை பேச நிலையத்தில் விழா எடுத்தார்கள். கலெக்டரும் வந்திருந்தார். சொர்ணக்கிளி ஒரு கல்லைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள்.

"இது யாரோட சாம்பல்?" என்றார் கலெக்டர்.

அதிகாரி முந்திக்கொண்டு கல்லைத் தடவினார். "எங்களோடது சார்! இந்த மாவுச் சாம்பல் ஜில்லாவுலயே வேற எவன்கிட்டயும் கிடையாது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கய்யா."

"பார்க்க என்ன இருக்கு? சத்தியமா எங்களோடதுதான்!"

"லாரியில வந்த சாம்பல் இல்லீங்க. எங்க தெரு ஓட்டு மேல கூட்டி அள்ளுனது."

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். கலெக்டர் கல்லையே பார்த்தபடி, "இந்த ஒரு கல்தானா?" என்று கேட்டார்.

"இது இந்த மாசத்துது. போன மாசக் கல்லெல்லாம் எங்க வீட்டுக்காரர் சமாதியில இருக்குய்யா."