யாரையும் வெளியே அனுப்பாத ஆஸ்பத்திரி

அரசு ஆஸ்பத்திரியை அன்றைக்குத் தனியாரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாசானம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். பிரசவத்தில் வலிப்பு வந்த அவன் மகள் உள்ளே நினைவில்லாமல் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி கைமாறினால் இலவசக் கட்டில் போய்விடும்.

எடுத்து நடத்த வந்த முதலாளி குணசீலன், கையெழுத்துப் போட வந்த மந்திரி பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "என் ஆஸ்பத்திரியில ஒரு சாவு கிடையாது. இங்க ஏன் இத்தனை சாவு? யாராவது பதில் சொல்லுங்க பார்ப்போம்!"

டாக்டர்கள் மந்திரிக்குப் பயந்து பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். மாசானம் முன்னால் வந்தான்.

"ஐயா கைராசிக்காரர். இவருக்கே கொடுத்திடுங்க. ஆனா, பிழைக்காதுன்னு தோணுற கேசையெல்லாம் இவங்க வேன்லதான் எங்க வாசல்ல இறக்கிட்டுப் போறாங்க. மருமகன் அங்க பிரசவத்துக்குச் சேர்த்த எம்மகளையும் விடியக்காலம் அப்படித்தான் இறக்கினாங்க. இனி இதுவும் இவரோடதுதானே? யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

மந்திரி திரும்பினார். "சொல்லுங்க குணசீலன்."

குணசீலன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது... யோசிச்சுத்தான் சொல்லணும்."

"அப்ப நானும் யோசிச்சே கையெழுத்து போடுறேன்." மந்திரி பேனாவை மூடினார்.

மாசானம் உள்ளே ஓடினான். மகள் இன்னும் கண் திறக்கவில்லை. கட்டிலை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.