யார் பாதத்தில் அளந்தது

முதலில் சத்தம்தான் வந்தது. குறுக்குக்கம்பி நங்கென்று தரையில் விழுந்து உருளும் சத்தம்.

சாமான் அறைக்குள் கிழிந்த மெத்தை உறையைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்த தஸ்நேவிஸ் மாஸ்டர் தலை தூக்கவில்லை.

"அந்தப் பிள்ளை எழும்பும்போதே கம்பியைத் தட்டுதா," என்றார்.

வாசலில் மரியபுஷ்பம் வந்து நின்றாள். உயரம் தாண்டுதலில் மாநிலச் சாம்பியனாக இருந்தவள், இவரிடம் கற்றவள். அவள் தாண்டிய உயரத்தை இன்னும் யாரும் தாண்டவில்லை. இப்போது அதே மைதானத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறாள். வெளியே குதித்துக்கொண்டிருப்பது அவளுடைய மாணவி பேச்சி. ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி.

"உக்காரு, சாம்பியன்."

"கேலி பண்ணாதீங்க மாஸ்டர். இப்பல்லாம் என்னைப் பேச்சியோட கோச்னுதான் சொல்லுதாங்க."

"சரி, பேச்சியோட கோச், உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"காலையில ஒரு அம்மா பிள்ளையக் கூட்டிட்டு வந்தா. இவளையும் பேச்சி மாதிரி ஆக்கி விடுங்கன்னு கேக்கா. என் மூஞ்சியப் பாத்தே சொல்லுதா. சுவத்துல என் பேரு எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் நிக்கா."

மாஸ்டர் நூலை இழுத்தார்.

"கேக்க வந்ததைக் கேளு."

"மத்த உயரமெல்லாம் அலுங்காமத் தாண்டுதா. நான் தாண்டுன உயரத்துக்குக் கம்பியை ஏத்துனா மட்டும் தட்டுதா. ஏன் மாஸ்டர்?"

மாஸ்டர் ஊசியை உறையில் குத்தி வைத்துவிட்டு மைதானத்துக்கு நடந்தார்; மரியபுஷ்பமும் பின்னாலேயே போனாள். பேச்சி ஓட ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அதன் மேல் நின்று கம்பியைப் பார்த்தார்.

"யார் பாதத்துல அளந்த மார்க் இது?"

"என் பாதம். நான் ஜெயிச்ச மார்க். வந்த புதுசுல அவளும் என் உயரந்தான். சரியா இருந்திச்சு."

"இப்ப?"

பேச்சி தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கால்கள் கொக்குக்கு வாய்த்தவை போல நீண்டிருந்தன.

"வளந்துட்டா. காலடி நீண்டு போச்சு. இங்க இருந்து ஓடுனா கம்பிக்கு அடியிலயே போயிருதா. அப்புறம் எங்க எழும்ப?"

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"மழைக்கு முன்னாலயே."

மாஸ்டர் டேப்பை விட்டு விலகி நின்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டேப்பை உரிக்கணும்னு தினமும் வாரேன் மாஸ்டர். கை போக மாட்டேங்கு. கம்பி விழுந்தா நெஞ்சு லேசாகுது. அன்னிக்கு நல்லா சாப்பிடுதேன், தூங்குதேன். என் பிள்ளை மாதிரி வளத்தவ அவ. இந்தப் பொறாமை போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. அது போயிட்டா நானே மாத்திருவேன்."

"போகாட்டா?"

அவள் காலால் டேப்பின் ஓரத்தை நெருடினாள்.

"அது இருந்துட்டுப் போகட்டும்," என்றார் மாஸ்டர். "மார்க்கை மாத்து. அது கைவேலைதான?"

மரியபுஷ்பம் குனிந்து நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினாள். வெயிலில் இறுகியிருந்தது, பிசிறு பிசிறாகத்தான் வந்தது.

"ஏட்டி பேச்சி. ஷூவைக் கழட்டிட்டு வா. உன் பாதத்தால அளக்கணும்."

"ஏன்க்கா? இது உங்க ராசியான மார்க்காச்சே."

"எனக்கு ராசி. நீ பின்னால போ."

பேச்சி கம்பியடியிலிருந்து குதிகாலோடு விரலை ஒட்டி ஒட்டிப் பின்னால் அளந்து போனாள். அவள் நின்ற இடத்தில் மரியபுஷ்பம் புது டேப்பை ஒட்டினாள். எழுந்து, மாஸ்டர் திரும்பிப் போயிருந்த சாமான் அறைக்கு வந்தாள்.

"மாத்திட்டேன். வயித்தெரிச்சல் அப்படியேதான் இருக்கு."

"இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை அவ தாண்டிட்டான்னா?"

"இன்னும் கூடும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அவளுக்குக் கம்பியை இன்னும் ஏத்தச் சொல்லு," என்றார் மாஸ்டர். உறையில் குத்தியிருந்த ஊசியை உருவி, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்.